வரப்பும் வயலும்: மடிக்கணினியில் ஒதுக்கப்பட்ட நினைவகம்

நமது கூட்டுறவுச் சங்கங்களின் கணக்குகள் பேரேட்டை விட்டுக் கணினிக்கு மாறிவருகின்றன. 1904ஆம் ஆண்டில் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் பிறந்த காலந்தொட்டு மையும் தாளுமாக நடந்துவந்த வேலை இது. 2022ஆம் ஆண்டு ஜூன் 29ஆம் நாள், நாடெங்குமுள்ள 63,000 தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களை 2,516 கோடி ரூபாய்ச் செலவில் கணினிமயமாக்க மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. நெசவாளர் சங்கங்களிலும் நூல் இருப்பு, கூலிப் பட்டி, துணி விற்பனை ஆகியவை கணினியில் ஏறிவருகின்றன. எனவே கணினியின் நலம் இனிக் காரியதரிசி ஒருவரின் கவலை மட்டுமன்று. ஒவ்வோர் அங்கத்தினரின் பணத்தைப் பற்றிய விஷயமும் ஆகும்.

இந்நிலையில் பல சங்கங்களில் ஒரே முறையீடு எழுகிறது. வாங்கும்போது மடிக்கணினியில் 8 ஜி.பி. நினைவகம் உண்டென்று சீட்டில் எழுதியிருந்தது. கணினியைத் திறந்து பார்த்தாலோ, ‘8 ஜி.பி. பொருத்தப்பட்டுள்ளது, பயன்படத்தக்கது 5.9 ஜி.பி.’ என்ற பொருள்பட ஒரு வரி காணப்படுகிறது. பணம் கொடுத்து வாங்கியதில் கால் பங்கு எங்கே போயிற்று? எடைக்கல்லைச் சரிபார்த்தே நெல்லை நிறுக்கும் உழவரும், முழக்கோலை அளந்தே துணியை ஒப்படைக்கும் நெசவாளரும் இக்கேள்வியைக் கேட்பது முற்றிலும் நியாயம். அதற்கு விடை கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நினைவகம் என்பது யாது?

கணினியில் நினைவகம் என்றும் சேமிப்பகம் என்றும் இரண்டு உண்டு. இவ்விரண்டையும் ஒன்றாகக் கருதுவதனாலேயே பாதிக் குழப்பம் விளைகிறது. சங்க அலுவலகத்திலுள்ள பீரோவை நினைத்துக் கொள்ளுங்கள். எல்லாப் பேரேடுகளும் அதில் அடுக்கப்பட்டுள்ளன. விளக்கு அணைந்தாலும் அவை அங்கேயே இருக்கும். இதுவே சேமிப்பகம். எழுத்தர் அமர்ந்து எழுதும் மேசை வேறு. அன்றைய வேலைக்கு வேண்டிய ஏடுகளை மட்டும் பீரோவிலிருந்து எடுத்து மேசைமீது விரிக்கிறார். மாலையில் மேசையைத் துடைத்துவிட்டுப் போகிறார். இம்மேசையே நினைவகம். மின்சாரம் நின்றவுடன் இது வெறுமையாகிவிடும்.

மேசை சிறுத்தால் என்ன நேரும்? ஓர் ஏட்டை விரிக்க மற்றோர் ஏட்டை மூடிப் பீரோவில் வைக்க வேண்டும். திரும்பவும் எழுந்து சென்று எடுக்க வேண்டும். எழுத்தர் எவ்வளவு கெட்டிக்காரராயினும் வேலை மந்தமாகும். கணினி மெதுவாக ஓடுவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

இங்கு ஓர் எச்சரிக்கை. விண்டோஸ் 10இல் 2019ஆம் ஆண்டு முதல் சேமிப்பகத்திலும் ஏறக்குறைய 7 ஜி.பி. இடத்தைப் புதுப்பித்தல் வேலைகளுக்கென ஒதுக்கி வைக்கும் ஏற்பாடு வந்தது. அது பீரோவைச் சேர்ந்த சங்கதி. நாம் இங்கே பேசுவது மேசையைப் பற்றி மட்டுமே.

நெசவும் நினைவகமும்

நெசவாளர் அன்பர்களுக்கு இந்நினைவகம் அன்னியப் பொருளன்று. பிரான்சு தேசத்து ஜக்கார்டு 1804ஆம் ஆண்டளவில் அமைத்த துளையிட்ட அட்டைகள், எந்தப் பாவிழை உயர வேண்டும், எது தாழ்ந்து நிற்க வேண்டும் என்பதை நினைவில் வைத்திருந்தன. துளை உண்டு, துளை இல்லை என்ற இரண்டே சொற்களால் பூவும் கொடியும் துணியில் மலர்ந்தன. அமெரிக்காவின் 1890ஆம் ஆண்டுக் குடிக்கணக்கை எண்ணிய ஹாலரித்தின் இயந்திரமும் துளையட்டைகளையே நம்பியது. 1969ஆம் ஆண்டில் மனிதரைச் சந்திரனுக்கு அழைத்துச் சென்ற அப்பல்லோ விண்கலத்தின் கணினியிலோ, நினைவகம் கையாலேயே நெய்யப்பட்டது. சிறு காந்த வளையத்தினூடே கம்பி சென்றால் ஒன்று, புறத்தே சென்றால் பூஜ்யம். இவ்வாறு மாசசூசெட்ஸ் மாநிலத்துத் தொழிற்சாலையில் பெண்கள் ஊசியால் கோத்தனர். அவ்வாறு நெய்யப்பட்ட நிலையான நினைவு 36,864 சொற்கள். அழித்து எழுதத்தக்க மேசை நினைவு 2,048 சொற்கள் மட்டுமே. அச்சிறு மேசையைக் கொண்டே சந்திரனில் இறங்கினர் என்றால், இருக்கும் இடத்தை முறையாகப் பங்கிடுவது எத்துணை முக்கியம் என்பது விளங்கும்.

ஒதுக்கீடு ஏன்?

ஓர் ஏக்கர் நிலம் வாங்கினோம். ஏக்கர் முழுவதிலும் நாற்று நடுகிறோமா? இல்லை. வரப்புக்கும் வாய்க்காலுக்கும் ஒரு பகுதி போகிறது. வரப்பில் நெல் விளையாது. ஆனால் வரப்பில்லாவிடில் வயலில் நீர் நில்லாது. தறியிலும் அவ்வாறே. பாவு முடியும் தறுவாயில் கடைசிப் பகுதி நெய்ய இயலாமல் விழுதிலும் அச்சிலும் நின்றுவிடும். அதை வீண் என்று அறுத்தெறிவதில்லை. அடுத்த பாவை இழையிழையாக அதனோடுதான் பிணைக்கிறோம். நமது ராஜகிரிக் கோட்டையின் அடிவாரத்தில் நிற்கும் நெற்களஞ்சியத்தை அறியாதார் செஞ்சியில் இரார். 1690 முதல் 1698 வரை மொகலாயப் படையின் முற்றுகையைக் கண்ட கோட்டை இது. 2025ஆம் ஆண்டு ஜூலையில் உலகப் பாரம்பரியச் சின்னங்களின் வரிசையிலும் சேர்ந்தது. அன்றாடப் படி அளப்பதற்கு அப்பால் ஒரு கையிருப்பு வேண்டும் என்ற அறிவே அக்களஞ்சியத்தின் அஸ்திவாரம். சங்கத்தின் லாபத்தில் ஒரு பங்கைக் காப்பு நிதிக்கு எடுத்து வைப்பதும் அதே அறிவினால்தான்.

கணினியும் நினைவகத்தின் ஒரு பகுதியைத் தன் உறுப்புகளுக்கென எடுத்து வைக்கிறது. இதனை வன்பொருளுக்கு ஒதுக்கப்பட்டது என்பர். இவ்வழக்கம் புதிதன்று. 1981ஆம் ஆண்டில் வெளிவந்த ஐ.பி.எம். கணினியின் செயலி எட்டக்கூடிய மொத்த இடம் 1,024 கே.பி.; அதில் 640 கே.பி. உபயோகிப்பாளருக்கு, எஞ்சிய 384 கே.பி. திரைக்கும் பிற உறுப்புகளுக்கும் எனப் பிரித்து வைத்தனர். இன்றும் அதே நியதி வேறு அளவில் நடக்கிறது. ஆகவே ஒதுக்கீடு என்பது திருட்டன்று. ஆனால் வரப்பு அளவுக்கு மீறி அகன்றுபோவதுண்டு. அப்போது அதைச் செதுக்கலாம். எவ்வளவு செதுக்கலாம், எங்கே நிறுத்த வேண்டும் என்பதே அறிய வேண்டியது.

முதலில் அளந்து பாருங்கள்

கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒருங்கே அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் என்னும் பலகை திறக்கும். அதில் பெர்பார்மன்ஸ் என்ற பகுதியில் மெமரி என்பதைத் தொட்டால், கீழ்ப்புறத்தில் ‘ஹார்டுவேர் ரிசர்வ்டு’ என்ற சொல்லும் ஓர் எண்ணும் தெரியும். அவ்வெண்ணே நமது வரப்பின் அகலம்.

8 ஜி.பி. கணினியில் இது சில நூறு எம்.பி.க்குள் இருந்தால் இயல்பு. அதைத் தொட வேண்டாம். ஒரு ஜி.பி., இரண்டு ஜி.பி. என்று இருந்தால் காரணம் தேடலாம். இதனருகிலேயே ‘கேஷ்டு’ என்று மற்றோர் எண் காணப்படும். அது விரைவுக்காகக் கணினி தற்காலிகமாக எடுத்து வைத்திருப்பது. வேறு வேலை வந்தால் தானே விட்டுக்கொடுக்கும். அதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை.

காரணங்களும் பரிகாரங்களும்

முதற் காரணம், திரை. நமது சங்கங்களிலுள்ள மடிக்கணினிகளில் பெரும்பாலானவற்றுக்குப் படம் காட்டும் பகுதி தனி நினைவகத்துடன் வருவதில்லை. அது செயலியோடு சேர்ந்தே இருக்கும். பொது நினைவகத்திலிருந்து ஒரு பங்கைத் தொடக்கத்திலேயே பெற்றுக்கொள்ளும். ஏ.எம்.டி. செயலியுள்ள கணினிகளில் இப்பங்கு 512 எம்.பி.யாகவோ 2 ஜி.பி.யாகவோ இருக்கக் காண்கிறோம். விளையாட்டுப் படங்களுக்கு இது உதவும். கூலிப் பட்டிக்கும் உர இருப்புக்கும் வேண்டியதில்லை. கணினியை இயக்கும் தறுவாயில் எஃப்2, எஃப்10, டெலீட் ஆகியவற்றுள் அந்தந்தக் கம்பெனி குறித்த விசையை அழுத்தினால் பயாஸ் என்னும் அடிப்படை அமைப்பு திறக்கும். அங்கே ‘யு.எம்.ஏ. பிரேம் பஃபர் சைஸ்’ என்றோ, ‘வீடியோ மெமரி’ என்றோ ஓர் இடம் இருப்பின், அதை ‘ஆட்டோ’ என்றோ 512 எம்.பி. என்றோ மாற்றிப் பதிவு செய்து வெளிவரலாம். இதனால் திரை மங்கிவிடாது. மேலும் தேவைப்படும்போது திரைப் பகுதி பொது நினைவகத்திலிருந்து கடன் வாங்கித் திருப்பிக் கொடுத்துவிடும். சில கம்பெனிகள் இவ்விடத்தை உபயோகிப்பாளருக்குத் திறந்து வைப்பதில்லை. அவ்வாறாயின் அதை அப்படியே விட்டுவிட வேண்டியதுதான்.

இரண்டாம் காரணம், 32-பிட் இயங்குதளம். அதற்கு 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 296 விலாசங்களே உண்டு. அதாவது 4 ஜி.பி. திரை முதலிய உறுப்புகளுக்கும் இத்தெருவிலேயே கதவிலக்கம் கொடுக்க வேண்டும். எனவே 4 ஜி.பி. பொருத்தினாலும் 3 முதல் 3.5 ஜி.பி. வரையே கைக்கு வரும், 8 ஜி.பி. பொருத்தினாலும் அதற்கு மேல் வாராது. கதவிலக்கம் இல்லாத வீட்டுக்குத் தபால்காரர் எவ்வாறு செல்வார்? செட்டிங்ஸ் பகுதியில் சிஸ்டம், அபவுட் என்று சென்றால் எவ்வகை என்பது தெரியும். செயலி 64-பிட் ஆகவும் இயங்குதளம் 32-பிட் ஆகவும் இருந்தால், 64-பிட் இயங்குதளத்தைப் புதிதாக நிறுவுவதே பரிகாரம். பழையதன்மேல் ஏற்ற முடியாது. அனைத்தையும் துடைத்துவிட்டே நிறுவ வேண்டும். எனவே கணக்குகள் யாவற்றையும் முன்னதாக வேறிடத்தில் நகலெடுத்துக்கொள்வது கட்டாயம். விண்டோஸ் 11இல் 32-பிட் பதிப்பே கிடையாது என்பதையும், விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் நாளோடு முடிந்தது என்பதையும் இங்கே நினைவில் கொள்க.

மூன்றாம் காரணம், பதிப்பின் வரம்பு. 2011ஆம் ஆண்டு முதல் தமிழ்நாடு அரசு மாணவர்க்கு வழங்கிய விலையில்லா மடிக்கணினிகள் நெசவாளர், உழவர் இல்லங்கள் பலவற்றில் இன்னும் உள்ளன. அக்காலத்துக் கணினிகளில் கூடுதல் நினைவகம் வாங்கிப் பொருத்த விரும்புவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர் என்னும் பதிப்பு 2 ஜி.பி.க்கு மேல் ஏற்காது. எவ்வளவு பொருத்தினாலும் மிகுதி ஒதுக்கம் என்றே காட்டும். பதிப்பை மாற்றாமல் நினைவகத்தை வாங்குவது, உழக்கில் மரக்கால் நெல்லைக் கொட்டுவதற்கு ஒப்பாகும். இத்தகைய கணினிகளுக்கு சி-டாக் நிறுவனம் ஆக்கிய பாஸ் லினக்ஸ் போன்ற கட்டணமில்லா இயங்குதளங்களும் உண்டு. சங்கக் கணக்குக்கென அளிக்கப்பட்ட மென்பொருள் அதில் ஓடுமா என்பதை மட்டும் முன்னரே விசாரித்தறிக.

நான்காம் காரணம், மனிதர் கை. விண்டோஸ் விசையையும் ஆர் விசையையும் ஒருங்கே அழுத்தி எம், எஸ், சி, ஓ, என், எஃப், ஐ, ஜி ஆகிய எட்டு எழுத்துகளை இட்டால் ஒரு பலகை திறக்கும். அதில் பூட் என்ற பகுதியில் ‘அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்’ என்பதனுள் ‘மேக்சிமம் மெமரி’ என்று ஒரு கட்டம் உண்டு. அதைக் குறியிட்டால் நினைவகம் பெருகும் என்று சிலர் கூறக் கேட்டிருக்கிறோம். உண்மை நேர்மாறானது. அக்கட்டம் உச்சவரம்பு விதிப்பதற்கே உரியது. உள்ளதைக் குறைக்குமேயன்றி ஒரு துளியும் கூட்டாது. யாரேனும் குறியிட்டிருந்தால் நீக்கிவிட்டுக் கணினியை மீண்டும் இயக்குக. இழந்தது முழுவதும் திரும்பி வரும்.

ஐந்தாம் காரணம், பொருத்தம். நினைவகச் சில்லு தன் குழியில் சரியாக அமராவிடினும், தொடும் முனைகளில் தூசு படிந்தாலும் முழு அளவு கணக்கில் வராது போகலாம். தறிக்கூடங்களில் பஞ்சுத் தூசும் களங்களில் நெற்சுணையும் பறப்பதை நாம் அறிவோம். கணினியை நிறுத்தி, மின் இணைப்பை நீக்கி, மின்கலத்தையும் கழற்றி, சில்லை மெல்ல எடுத்து உலர்ந்த தூரிகையால் துடைத்துத் திரும்ப அழுத்திப் பொருத்தினால் தீரக்கூடும். ஆயினும் இது கைப்பழக்கம் உள்ளவர் செய்ய வேண்டியது. உத்தரவாதக் காலம் முடியாத கணினியையும், அரசுத் திட்டத்தில் வழங்கப்பட்ட கணினியையும் நாமே திறத்தல் கூடாது; பராமரிப்புக்குப் பொறுப்பேற்றவரிடம் எழுத்து மூலம் தெரிவிப்பதே முறை.

செய்யலாகாதவை

பயாஸில் எதை மாற்றுவதாயினும் பழைய மதிப்பைக் குறித்துக்கொள்ளாமல் மாற்றாதீர்கள். பிட்லாக்கர் என்னும் பூட்டு இடப்பட்ட கணினியாயின், மாற்றத்திற்குப் பின் அது மீட்புக் குறியீட்டைக் கேட்கக்கூடும். நாற்பத்தெட்டு இலக்கமுள்ள அக்குறியீடு கையில் இல்லாவிடில் சங்கத்தின் கணக்குகள் பூட்டிய அறைக்குள் அகப்பட்ட கதையாகிவிடும். ஆகவே அதை முன்னரே எழுதிப் பத்திரமான இடத்தில் வைத்துக்கொள்க.

நினைவகத்தைப் பெருக்கித் தருவதாகச் சொல்லும் மென்பொருள்களை நிறுவாதீர்கள். இல்லாத இடத்தை எந்த மென்பொருளும் உண்டாக்க இயலாது. விரித்த ஏடுகளை அவசரமாகப் பீரோவில் திணித்து, மேசை காலி என்று அது காட்டும். மறுகணமே எழுத்தர் அவற்றைத் தேடி எழுந்தோட வேண்டியிருக்கும். ரெஜிஸ்ட்ரி என்னும் உட்பதிவேட்டைத் திருத்தச் சொல்லும் யோசனைகளையும் ஏற்காதீர்கள். நூறு எம்.பி.க்கு ஆசைப்பட்டுக் கணக்கையே பணயம் வைப்பது விதை நெல்லைக் குற்றிப் பொங்கலிடுவது போன்றதாம்.

ஒதுக்கம் குறைந்தும் மந்தம் நீங்காவிடில்

சில வேளைகளில் ஒதுக்கம் இயல்பாகவே இருக்கும். கணினியோ ஊர்ந்து செல்லும். அப்போது நோய் வேறிடத்தில் உள்ளது. கணினி விழிக்கும்போதே தாமாக எழுந்துகொள்ளும் மென்பொருள்களை டாஸ்க் மேனேஜரின் ஸ்டார்ட்டப் பகுதியில் நிறுத்தலாம். பழைய சுழல்தட்டுக்குப் பதிலாக எஸ்.எஸ்.டி. பொருத்தினால் பீரோவுக்குப் போய்வரும் நேரம் வெகுவாகச் சுருங்கும். காலிக் குழி இருப்பின் நினைவகச் சில்லு ஒன்றைக் கூட்டலாம். இம்மூன்றும் புதிய கணினியின் விலையை நோக்கச் சிறு செலவே. முதலாவதற்குச் செலவே இல்லை.

சங்கப் பணத்துக்கு இதனால் யாது பயன் என்பதற்கு ஓர் உதாரணம். நமது வட்டாரத்துச் சங்கம் ஒன்றில், கணினி மிகவும் மெதுவாக ஓடுகிறது, புதியது வாங்க வேண்டும் என்று நிர்வாகக் குழுவின் நிகழ்ச்சி நிரலில் பொருள் சேர்க்கப்பட்டிருந்தது. ஆய்வின்போது அளந்து பார்த்ததில், 8 ஜி.பி.யில் ஏறக்குறைய 2 ஜி.பி. திரைக்கென ஒதுக்கப்பட்டிருந்தது. அதனை 512 எம்.பி.யாகக் குறைத்து, தாமாக எழும் மென்பொருள்கள் சிலவற்றையும் நிறுத்தியதில், 7.4 ஜி.பி. கைக்கு வந்தது. மாதாந்திரப் பட்டி தடையின்றி ஓடியது. அப்பொருள் நிரலிலிருந்து நீக்கப்பட்டது. மிஞ்சிய பணம் அங்கத்தினர்களுடையது.

காரியதரிசிகளுக்கும் நிர்வாகக் குழுவினருக்கும்

சங்கத்தின் தளவாடப் பதிவேட்டில் மடிக்கணினியின் பெயரும் விலையும் மட்டும் எழுதுவது போதாது. பொருத்தப்பட்ட நினைவகம் எவ்வளவு, பயன்படத்தக்கது எவ்வளவு, 32-பிட்டா 64-பிட்டா, காலிக் குழி உண்டா, அளந்த தேதி யாது என்னும் ஐந்து விவரங்களையும் எழுதி வைக்க வேண்டுகிறோம். புதிய கணினி வாங்கும் நாளிலேயே, விற்பவர் முன்னிலையில் பலகையைத் திறந்து, பயன்படத்தக்க அளவைக் கண்ணால் கண்ட பின்னரே ரசீதில் கையொப்பமிடுக. புதியது வேண்டும் என்ற தீர்மானம் வரும்போது, இவ்வைந்து விவரங்களும் தீர்மானத்தோடு இணைக்கப்பட்டுள்ளனவா என்று அங்கத்தினர்கள் கேட்கலாம், கேட்க வேண்டும். பொதுப்பேரவையில் கேள்வி கேட்பது குறை கூறுவதாகாது. அங்கத்தினரின் உரிமையும் கடமையும் அதுவே.

வரப்பு வேண்டும். வரப்பே வயலை விழுங்கிவிடவும் கூடாது. இரண்டையும் அளந்து அறிந்தவரின் நிலத்தில் நீரும் நிற்கும், நெல்லும் விளையும்.